எஞ்சினுக்கும் மூச்சு விட வழி வேண்டும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சுகாதாரம், பிள்ளைகளின் படிப்பு, சேமிப்பு பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை ஆட்டோ எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். "நலன்புரி உத்தியோகத்தருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இன்று நம் டிவிஷன்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது ஆட்டோ ஓடுவதால்தான். இரவு நேரத்தில் நமக்கு அம்புலன்ஸும் அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் மகனுக்கு ஒரு பழைய ஆட்டோவாக மாறியது. தம்பி நல்ல பிள்ளை. குடி இல்லை, சூது இல்லை. ஆட்டோவைச் சோடிப்பதில் மட்டும் ஆசை அதிகம். சீட்டுக்குப் பின்னால் பெரிய சவுண்ட் பொக்ஸ், உள்ளே முழுவதும் ஸ்பொஞ்ச் வைத்த ரெக்சின், பின் மூடியில் பெரிய படம், சத்தம் போடும் சைலன்சர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். மேல் டிவிஷனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டுவிட்டது. இந்தத் தம்பிதான் ஏற்றிக்கொண்டு போனார். பெரிய ரோட்டுக்கு ஏறும் கடைசி மேட்டில் "கிரீச்" என்ற சத்தத்தோடு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிள்ளைத்தாய்ச்சியைக் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கொண்டு வந்து, அந்த வழியாக வந்த மரக்கறி லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த அரை மணி நேரத்தை யாரும் மறக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் வந்து, "சேர், போன மாசந்தான் சர்வீஸ் பண்ணினான். இப்ப எஞ்சின் போயிருச்சுன்னு சொல்றாங்க. என் காசெல்லாம் போச்சா?" என்று கேட்டார். அவரோடு நானும் கராஜுக்குப் போனேன். அங்கே பாஸ் எஞ்சினைப் பிரித்துக் காட்டியபோது கண்டதையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நாம் ஊற்றும் பெற்றோல் எரிந்து தரும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி எல்லாம் சூடுதான். அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். இன்னொரு பகுதி எஞ்சினின் உடம்பில் ஏறும். அதை வெளியே எடுக்காவிட்டால் எஞ்சின் தன் சூட்டிலேயே தான் சாகும்.

எப்படிச் சாகிறது? சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஸ்டன் அலுமினியம். பழைய எஞ்சின்களில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிஸ்டன் பருத்துச் சிலிண்டரில் இறுகிவிடும். இதைத்தான் "எஞ்சின் புடிச்சிருச்சு" என்கிறோம்.

ஆறிய பிறகு சில வேளை அது மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். அதை நம்பி ஓடாதீர்கள். உள்ளே கீறல் விழுந்திருக்கும். அடுத்த தடவை வரும் செலவு பல மடங்காக இருக்கும்.

சூடு எப்படி வெளியே போகிறது?

நம் பக்கம் ஓடும் ஆட்டோக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்கிறது. மோட்டார் சைக்கிளின் எஞ்சின் முன்னால் இருப்பதால் ஓடும்போது காற்று தானாகப் படும். ஆட்டோ எஞ்சின் பின்னால், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் அதற்கென்று ஒரு காற்றாடி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றி, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு பின் மூடியின் கீற்றுத் துவாரங்கள் வழியாகவும் அடிப்பக்கமாகவும் வெளியேறுகிறது.

இதை விளங்கிக்கொள்ள நம் தேயிலை ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டும் ட்ரஃப்பின் ஒரு முனையில் பெரிய காற்றாடி இருக்கும். அடிப்பக்கம் பெட்டி போல் மூடியிருக்கும். காற்றுக்கு வேறு வழி இல்லாததால் அது கொழுந்துக்கு ஊடாகத்தான் மேலே வரவேண்டும். பெட்டியில் ஒரு பலகை கழன்றால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், கொழுந்து வாடாது. எஞ்சினைச் சுற்றியுள்ள தகர உறையும் அந்தப் பெட்டியைப் போலத்தான். காற்றை நேரே தகடுகளுக்குள் அனுப்புவது அதன் வேலை.

கராஜில் நாங்கள் கண்டவை

தம்பியின் ஆட்டோவில் பாஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலாவது, சவுண்ட் பொக்ஸும் ரெக்சினும் எஞ்சின் அறைக்குக் காற்று வரும் வழியைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

இரண்டாவது, பின் மூடியின் கீற்றுத் துவாரங்களின் மேல் படம் ஒட்டியிருந்தது. சூடான காற்று வெளியே போக முடியாமல் உள்ளேயே சுற்றியிருக்கிறது. காற்றாடி அந்தச் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எஞ்சின் சூடாகிறது என்று கண்ட தம்பி, "திறந்து விட்டா காத்து நல்லா படும்" என்று நினைத்துத் தகர உறையின் ஒரு பகுதியைக் கழற்றி வைத்திருந்தார். ட்ரஃப்பின் பலகையைக் கழற்றியது போல் ஆகிவிட்டது. காற்று நாலா பக்கமும் சிதறியது. தகடுகளுக்குள் போகவில்லை.

நான்காவது, தகடுகளுக்கு நடுவே எண்ணெயும் சேறும் சேர்ந்து களிமண் போல் இறுகியிருந்தது.

ஐந்தாவது, பெற்றோல் மிச்சம் பிடிக்க யாரோ கார்புரேட்டரில் சின்ன ஜெட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெற்றோல் குறைந்து காற்றுக் கூடிய கலவை அதிக சூட்டோடு எரியும். சைலன்சரை மாற்றியதும் அதற்குத் துணை போனது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் நுனி சுண்ணாம்பு போல் வெள்ளையாக இருந்தது.

இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் எஞ்சின் தாங்கியிருக்கும். ஐந்தும் சேர்ந்து, மேட்டில், நாலு பேர் பாரத்தோடு வந்தபோது தாங்கவில்லை. ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தோடு செய்ததுதான் என்பதைக் கவனியுங்கள். ஆசை தவறில்லை. ஆனால் எந்த மாற்றம் செய்யும்போதும் "இதனால் காற்று அடைபடுமா? சூடு கூடுமா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சூட்டைக் குறைக்கும் வேலைகள்

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் மூன்றுக்கும் அதிக செலவில்லை.

1. வழியைத் திறவுங்கள். பின் மூடியின் துவாரங்களில் படமோ தகடோ இருக்கக் கூடாது. சவுண்ட் பொக்ஸ் வேண்டுமென்றால் சிறியதாக, காற்று வழியில் படாத இடத்தில் வையுங்கள். எஞ்சின் அறைச் சுவரில் ஸ்பொஞ்ச், காப்பெட், சாக்கு எதுவும் வேண்டாம். அவை காற்றை அடைப்பதோடு, எண்ணெயை உறிஞ்சித் தீப்பிடிக்கவும் கூடும்.

2. கழன்றதைத் திரும்பப் பூட்டுங்கள். தகர உறையின் எல்லாத் துண்டுகளும் இருக்கின்றனவா, ஆணிகள் இறுகியிருக்கின்றனவா, காற்றாடியின் இறக்கை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. தகடுகளைச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, வெளியே காற்றோட்டமான இடத்தில், மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் முழுதும் காய்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு கூடாது. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தகடும் சிலிண்டரும் வெடிக்கும்.

4. எரிவதைச் சரிப்படுத்துங்கள். ஜெட், பிளக் இரண்டும் வண்டிக்குரிய அளவிலேயே இருக்க வேண்டும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓடாதீர்கள். பிளக் நுனி இளம் மண்ணிறமாக இருந்தால் நல்லது. வெள்ளை என்றால் சூடு அதிகம். கரி பிடித்த கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு டெப்பட் இடைவெளியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகியிருந்தால் வால்வு கருகும்.

5. ஒயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களின் இறக்குமதி 2008இல் நின்றுவிட்டாலும் பழையவை சில இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்குப் பொதுவாக ஒரு லீட்டர் பெற்றோலுக்கு 20 மில்லி லீட்டர் டூ-டி ஒயில் கலக்க வேண்டும். கண் மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். குறைந்தால் எஞ்சின் இறுகும். கூடினால் கரி பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒயில் மட்டத்தைப் பாருங்கள். ஒயில் உராய்வைக் குறைப்பதோடு உள்ளே இருக்கும் சூட்டையும் சுமந்து வெளியே கொண்டு வருகிறது.

6. சூட்டை மறையுங்கள். இவை எல்லாம் செய்த பிறகும் சீட் சுடுகிறது, வயர் இளகுகிறது என்றால் சைலன்சருக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவே ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டைப் பூட்டலாம். இரண்டு பக்கமும் ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட வேண்டும். பளபளப்பான தகடு சூட்டைத் திருப்பி அனுப்பும், நடுவில் ஓடும் காற்று மீதியைக் கொண்டு போகும். தகட்டைப் பெற்றோல் குழாயிலோ வயரிலோ படாமல் இறுக்கமாகப் பூட்டுங்கள். ஆடினால் அதுவே வயரை அறுத்துவிடும்.

7. பிரேக்கையும் டயரையும் பாருங்கள். பிரேக் உரசிக்கொண்டே ஓடினாலும், டயரில் காற்றுக் குறைந்தாலும் எஞ்சின் அதிகம் உழைக்க வேண்டும். உழைப்புக் கூடினால் சூடும் கூடும்.

செய்யக் கூடாதவை

சைலன்சர் குழாயில் துணி நாடா சுற்றுவது இப்போது ஒரு மோஸ்தராகி வருகிறது. அது அறைச் சூட்டைக் குறைப்பது உண்மைதான். ஆனால் நம் பக்கம் மழையும் பனியும் அதிகம். நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயைத் துருவாக்கும். எண்ணெய் சிந்தினால் அதுவே திரியாகிவிடும்.

இன்னொன்று மிக முக்கியம். லயத்துக் கூரையில் உடைந்த அஸ்பெஸ்டோஸ் தகட்டை வெட்டி எஞ்சினுக்கு மறைப்பு வைக்க வேண்டாம். வெட்டும்போது வரும் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருஷங்களுக்குப் பிறகு நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் கொண்டு வரும். வண்டிக்குச் செய்யும் வேலை வீட்டுப் பிள்ளைகளுக்கு வினையாகக் கூடாது.

சவுண்ட் செட்டுக்கும் லைட்டுக்கும் இழுக்கும் வயரைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு இழுங்கள். எஞ்சின் அறையில் பெற்றோல் குழாயும் இருக்கிறது. வெடித்த ரப்பர் குழாயை உடனே மாற்றுங்கள். பெற்றோல் வாடை வந்தால் பயணத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

மேடு ஏறும்போது

வண்டி சரியாக இருந்தாலும் ஓட்டம் பிழைத்தால் பயனில்லை. நம் ஆட்டோக்களில் காற்றாடி எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்றும் குறைவு. மேட்டில் பெரிய கியரிலேயே திணறித் திணறி ஏறினால், எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்று குறைவு. இதைவிடக் கெட்டது வேறில்லை. திணறும் முன்பே கியரைக் குறையுங்கள். சத்தம் கூடினாலும் பரவாயில்லை, காற்றாடி வேலை செய்யும்.

மூன்று பேர் போக வேண்டிய வண்டியில் ஆறு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றினால் எந்தக் காற்றாடியும் காப்பாற்றாது. ரம்பொடை, கினிகத்தேனை போன்ற நீண்ட ஏற்றங்களில் நடுவில் ஒரு தடவை ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். எஞ்சின் நின்றால் காற்றாடியும் நின்றுவிடும், உள்ளே இருக்கும் சூடு அப்படியே தங்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று, கொழும்புக் காற்றை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இலேசு. அந்த இலேசான காற்றுக்கு ஏற்றபடி மேலே ஒருவர் கார்புரேட்டரில் பெற்றோலைக் குறைத்து வைத்தால், அதே வண்டி கொழும்புக்கு இறங்கியதும் காற்று கூடி, பெற்றோல் போதாமல், அதிக சூட்டோடு ஓடும். மேலே நன்றாக ஓடிய வண்டி கீழே பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். தூரப் பயணம் போகிறவர்கள் இதைப் பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஜீப், லொறி வைத்திருப்போருக்கு

பழைய ஜீப்புக்கு வேறு எஞ்சின் மாற்றிப் பூட்டியவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். பெரிய எஞ்சின் போட்டுவிட்டுப் பழைய சின்ன ரேடியேட்டரையே வைத்திருந்தால் தண்ணீர் கொதிக்கத்தான் செய்யும். காற்றாடியைச் சுற்றியுள்ள உறையைக் கழற்ற வேண்டாம் என்பது இதற்கும் பொருந்தும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 100 பாகை அல்ல, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்துத்தான் அதைக் கொதிக்காமல் காக்கிறது. ஆகவே மூடியின் ரப்பர் பழுதானால் உடனே மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்துவிடும்.

எஞ்சினையோ பாடியையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெற்றுப் பதிவையும் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் பணமும் கையை விரிக்கலாம்.

பரீட்சித்துப் பாருங்கள்

செய்த வேலை பலன் தந்ததா என்று அறிய ஒரு சுலபமான வழி. வண்டியை நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, ஒரு நூலை நீளக் குச்சியில் கட்டிப் பின் மூடித் துவாரத்துக்கு வெளியே பிடியுங்கள். நூல் வெளிப்பக்கமாக ஆடினால் அந்த வழியாகக் காற்றுப் போகிறது. ஆடவே இல்லை என்றால் அடைப்பு எங்கே என்று தேடுங்கள். கையையும் நூலையும் காற்றாடிக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதே மேடு, அதே பாரம், அதே நேரம் என்று ஓடிப் பாருங்கள். அப்போதுதான் எது உதவியது என்று தெரியும்.

வெட்டி எடுத்து வண்டியில் ஒட்டி வைக்க

• காலையில்: ஒயில், பெற்றோல் குழாய், பின் மூடித் துவாரம் பார்த்தேன்.
• மேட்டில்: திணறும் முன் கியரைக் குறைத்தேன்.
• ஏறி முடிந்ததும்: ஒரு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தினேன்.
• மாதம் ஒரு முறை: தகடு சுத்தம், உறையின் ஆணி, பிளக் நிறம்.
• "டக் டக்" என்ற சத்தம், திடீர்ச் சோர்வு, கருகல் வாடை: உடனே நிறுத்தினேன்.

கடைசியாக அந்த அம்மாவின் கதைக்கு வருவோம். சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன் போட்டு எடுக்கத் தம்பி சவுண்ட் பொக்ஸை விற்றார். மீதியை அம்மா சீட்டுப் பிடித்துக் கட்டினார். இப்போது பின் மூடியில் படம் இல்லை. அதே மேட்டில் நானும் அந்த ஆட்டோவில் போனேன். பாதியிலேயே தம்பி கியரைக் குறைத்தார். மேலே ஏறியதும் ஓரமாக நிறுத்திச் சாவியில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி?" என்றேன். "ஒரு நிமிஷம் சேர், அது மூச்சு வாங்கட்டும்" என்றார்.

முப்பது வருஷ உழைப்பு அந்தப் பின் மூடிக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டு ஆட்டோவிலும் யாரோ ஒருவருடைய உழைப்பு அப்படித்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை பின் மூடியைத் திறந்து ஒரு தடவை பாருங்கள்.